பதினாலு பெட்டி

துறைமுகச் சாலையில் உப்பளம் முடிந்து கண்டெய்னர் யார்டுகள் தொடங்கும் இடத்தில் எங்கள் எடைமேடை இருக்கிறது. ட்ரெய்லர் வந்து ஏறி நிற்கும். திரையில் எண் கொஞ்ச நேரம் ஆடிவிட்டு நிற்கும். வண்டி எண், பெட்டி எண், எடை, நேரம். தட்டினால் சீட்டு வரும். கப்பல் ஏறப் போகும் ஒவ்வொரு பெட்டிக்கும் அந்தச் சீட்டு வேண்டும். ஒரு நாளைக்கு நூற்றைம்பது வண்டி. நான் படித்தது எம்.எஸ்ஸி. இயற்பியல். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்தால் யாரிடமும் பேச வேண்டியதில்லை. அந்த வேலையில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான்.

கிங்ஸ்டன் என் மனைவி ஷெர்லினின் அண்ணன். கல்லூரியில் எனக்கு அடுத்த இடத்தில் உட்கார்ந்தவன். ஒரு கிளியரிங் ஏஜென்சியில் ஏற்றுமதித் தாள்கள் பார்க்கிறான். ஷெர்லின் போன பிறகு என் மதியச் சாப்பாடு அவன் வீட்டில். ஒரு நாள் போகாவிட்டால் அவன் மனைவி ஜெனிலா தூக்குச்சட்டியோடு எடைமேடைக்கே வந்து நிற்பாள். டிரைவர்கள் பார்ப்பார்கள். அதற்குப் பயந்தே போய்விடுவேன்.

தென்முனை என்ற பெயரை அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் முதலில் கேட்டேன். தென்முனை மரைன் கெமிக்கல்ஸ். உப்பெடுத்த பிறகு பாத்தியில் மிஞ்சுகிற கசப்புத் தண்ணீரை வாங்கிக் காய்ச்சி, மூட்டை போட்டு, வெளிநாட்டுக்கு அனுப்புகிற கம்பெனி. பங்கு விலை நாற்பத்திரண்டு ரூபாய். மும்பையில் ஒரு பெரிய ஃபண்டு தன்னிடமிருந்த பங்குகளை விற்க ஆரம்பித்து, இந்தக் கம்பெனி காட்டுகிற ஏற்றுமதி நம்பும்படி இல்லை என்று முப்பது பக்கத்துக்கு அறிக்கையும் விட்டிருந்தது.

"முப்பது பக்கம் எழுதுனவன் ஒரு நாள் இங்கன வந்து நின்னு பாத்தானா?" என்றான் கிங்ஸ்டன். "அவன் பாத்தது பூராவும் கம்ப்யூட்டர்ல. நாம கண்ணால பாக்கோம்."

"எதப் பாக்கிய?" என்று ஜெனிலா எனக்குச் சாளை மீன் குழம்பு ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"பெட்டிய. எல்லாம் நம்ம மாப்ள மேடையில ஏறித்தான போவுது. மாப்ள, ஒனக்கு ஒரு சோலியும் இல்ல. வாரத்துக்கு எத்தன தென்முனைப் பெட்டி ஏறுச்சுனு சனிக்கிழம எனக்கு ஒரு நம்பர் மட்டும் அனுப்பு. போதும்."

அனுப்பினேன். ஏழு. எட்டு. எட்டு. ஒன்பது. வேறெதுவும் எழுதவில்லை.

அந்த எண்ணை வைத்துத்தான் குழு வளர்ந்தது. டெலிகிராமில் 'தொள்ளாயிரம் பார்' என்று பெயர். கடலடியில் முத்துச்சிப்பி கிடக்கும் ஒரு பாரின், பாறைத் திட்டின், பெயர் அது. வைத்தவர் கிங்ஸ்டனின் அப்பா தேவபிரசாதம், நாசரேத்தில் சரித்திர வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். முதலில் நாற்பது பேர். கிளியரிங் ஆபீஸ் எழுத்தர்கள், உப்பள மேஸ்திரிகள், மாமாவோடு வேலை பார்த்த வாத்தியார்கள், பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் எண்ணெய்ப் பரோட்டாக் கடை வைத்திருக்கும் இசக்கிராஜா அண்ணாச்சி. குழுவில் ஒரே விதி. விற்கிறவன் குழுவில் சொல்லிவிட்டுத்தான் விற்க வேண்டும்.

மும்பைக்காரன் விற்றதையெல்லாம் இவர்கள் வாங்கினார்கள். விலை அறுபதாயிற்று. தொண்ணூறாயிற்று. ஒரு நாள் டிவியில் அந்த ஃபண்டிலிருந்து கோட் போட்ட ஒருவர் வந்து, தூத்துக்குடியில் நாற்பது கிளார்க்குகள் சேர்ந்துகொண்டு ஏற்றுகிற விலை இது, நாங்கள் முப்பது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறோம் என்று சிரித்தார். அந்தத் துண்டுப் படம் அன்றைக்கே ஊர் முழுக்கச் சுற்றியது. ஒரு வாரத்தில் குழுவில் அறுநூறு பேர். இசக்கிராஜா கடைப் பலகையில் 'கிளார்க் பரோட்டா' என்று புதிதாக ஒரு வரி எழுதி வைத்தார். என்ன வித்தியாசம் என்று கேட்டால், "வெல ஏறிக்கிட்டே இருக்கும்" என்பார்.

"அந்தக் காலத்துல முத்துக்குளிக்கிற சலாபத்துல சிப்பியத் தெறக்காமதான் குவியல் குவியலா ஏலம் விடுவான்" என்றார் மாமா ஒரு மதியம். "உள்ள முத்து இருக்கா வெறுஞ்சதையானு ஒருத்தனுக்கும் தெரியாது. தைரியம் உள்ளவன் எடுப்பான். நம்ம கடக்கரைக்கு இதெல்லாம் புதுசா என்ன?"

"எடுத்தவன்ல எத்தன பேரு பொழச்சான் மாமா?" என்று ஜெனிலா கேட்டாள்.

"அது புஸ்தகத்துல இல்ல."

ஜெனிலாவுக்கு வேறு கணக்கு இருந்தது. நாசரேத் வீட்டை விற்ற காசில் முத்தையாபுரம் தாண்டி நாலு சென்ட் வாங்கி, அஸ்திவாரம் போட்டு, இடுப்பு உயரத்துக்குச் சுவர் எழுப்பியிருந்தார்கள். மிச்சம் பதினைந்து லட்சம் தென்முனையில். இன்னும் ரெண்டு மாசம் பொறுத்தால் மாடியே கட்டலாம் என்று கிங்ஸ்டன் கொத்தனாரை நிறுத்திவிட்டான். வாடகை வீட்டில் நாலு நாளைக்கு ஒருமுறை தண்ணீர். தெருக் குழாயில் பிடித்து இருபத்திரண்டு படி ஏற வேண்டும். அவள் எட்டுக் குடம் சுமப்பாள். எட்டாவது குடத்தை இறக்கும்போது எல்லா முறையும் ஒரே வார்த்தை சொல்வாள்.

"செவுரு இடுப்புலயே நிக்கி."

ஞாயிறு ஆராதனை முடிந்து ஒருமுறை எல்லாருமாக அங்கே போனோம். கச்சான் காற்று உப்பை வாரி அடித்துக்கொண்டிருந்தது. தூணுக்கு விட்டிருந்த கம்பிகள் சுவருக்கு மேலே ஆள் உயரம் நீட்டிக்கொண்டு நின்றன. தொட்டால் கையில் சிவப்பு ஒட்டியது.

"இந்தக் காத்துக்கு கம்பி தாங்காது" என்றாள் ஜெனிலா. "சிமெண்டுப் பாலாவது அடிச்சு வெக்கணும்."

"எதுக்குளா? கிறிஸ்துமசுக்கு கான்கிரீட்டே போட்டுருவோம்" என்றான் கிங்ஸ்டன். போனில் விலை பார்த்துக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை சந்தை கிடையாது. வெள்ளிக்கிழமை விலையையே திரும்பத் திரும்பப் பார்த்தான்.

ஆயுத பூஜை முடிந்து இரண்டு வாரம் இருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை பன்னிரண்டரை மணிக்கு வீரபாகு வண்டியை மேடையில் நிறுத்திவிட்டு இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டினார். குரும்பூர்க்காரர். சீட்டு வாங்கினால் அதுபாட்டுக்குப் போகிற ஆள்.

"சார், ஒரு நிமிசம் வெளிய வாங்க."

"என்னண்ணாச்சி?"

"இந்தப் பொட்டிய நான் ஏற்கெனவே கொண்டுபோய் விட்டுட்டேன்."

வெளியே போனேன். வெயில். தென்முனைப் பெட்டிதான். பின்பக்கம் கதவுப் பூட்டுக் கம்பிக்குக் கீழே, மழை படாத இடத்தில், மூன்று விரலால் இழுத்த சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. நடுவே குங்குமம்.

"பூசையன்னைக்கு இது எம்வண்டியில மாட்டிக் கெடந்துச்சு. வண்டிக்குப் பொட்டு வெக்கும்போது இதுக்கும் சேத்து வெச்சேன். முதுகுல இருக்கதும் வண்டிதானன்னு எம் பொண்டாட்டி சொன்னா. மறுநா உள்ள கொண்டுபோய் விட்டேன். இது இப்ப துபாய்ல நிக்கணும் சார்."

"கப்பல் ஏறாமத் திரும்பி வந்திருக்கலாம்."

"அப்பம் மூட்டைய எறக்குவான்ல. சீல் மட்டும்தான் புதுசு. எனக்கு ஒண்ணுமில்ல, ரெண்டு நடைக்கும் படிக்காசு உண்டு. ஆனா சாமிக்கு வெச்ச பொட்டு திரும்பி வந்து நிக்கதப் பாத்தா ஒரு மாதிரியா இருக்கு. அதான் சொன்னேன். சீட்டக் குடுங்க."

கொடுத்தேன். அவர் போனார். கணினியில் தென்முனை என்று தட்டி, ஜூலை நடுவிலிருந்து உள்ள எடைகளைப் பெட்டி எண் வரிசையில் அடுக்கச் சொன்னேன். தொண்ணூற்றெட்டு எடை. பெட்டிகள் பதினாலு. ஒவ்வொன்றும் ஏழு முறை. பதின்மூன்று நாளுக்கு ஒருமுறை அதே பெட்டி, அதே மூட்டைகள், அதே எடை, ஐந்து பத்து கிலோ முன்னே பின்னே. துறைமுகத்துக்குள் போன சரக்கு கப்பல் ஏறாமல் ஊருக்குத் திரும்புவதற்கு வழி உண்டு. திரும்புகிற சாலையில் எடைமேடை இல்லை.

தொண்ணூற்றெட்டையும் தட்டியவன் நான்தான். ஆஸ்பத்திரியில் ஷெர்லின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஐந்து நாள் ஒரு திரையில் எண் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு எந்த எண்ணையும் படித்ததில்லை. தட்டுவேன். அவ்வளவுதான்.

தாளை அச்செடுத்துக்கொண்டு சாப்பிடப் போனேன்.

ஒன்றேகால் மணி. அன்று விலை நூற்று முப்பத்தொன்று. கிங்ஸ்டனும் சாப்பிட வந்திருந்தான். தாளை வாங்கி விரலை வைத்துக்கொண்டே கீழே வரை போனான். இரண்டாவது முறை போனான்.

"நீதானல எண்ணி அனுப்புன?"

"எண்ணி அனுப்புனேன் மச்சான். எண்ணத்தான் சொன்ன."

"ஒரு தடவகூட நம்பரப் பாக்கல?"

"பாக்கல."

"எம்.எஸ்ஸி. படிச்சிருக்கான்" என்று அவன் சுவரைப் பார்த்துச் சொன்னான். இன்னும் சொல்லியிருக்கலாம்.

மாமா தாளை வாங்கினார். கண்ணாடியை மாற்றிப் போட்டார். "ஒரு வாரம் பாப்பம். திரும்பவும் அதே பெட்டி வருதானு சரிபாத்துட்டு..."

"ஏழு தடவ வந்திருக்கு மாமா" என்றாள் ஜெனிலா. "எட்டாவது தடவ வந்தா ஆரத்தி எடுக்கணுமா? ஏங்க, மணி ஒண்ணரை. மூணரை வரைக்கும் சந்தை உண்டுல்லா. மொதல்ல வில்லுங்க. வித்துட்டு எல்லார்கிட்டயும் சொல்லுங்க."

"சொல்லிட்டுத்தான் விக்கணும். நாந்தான் விதி போட்டேன்."

"சொன்னா அறுநூறு பேரும் ஒண்ணா விப்பாவ. அப்பம் யாரு வாங்குவா? நீங்களே சொல்லியிருக்கிய, சின்னப் பங்கு, வாசல் சின்னதுன்னு."

"கிருபாநிதி சார் பென்சன் பணம் போட்டிருக்காருளா. அப்பா சொல்லித்தான் போட்டாரு."

"எங்கப்பா போட்ட நகையும் அதுலதான் கெடக்கு. நாசரேத் வீடும் அதுலதான் கெடக்கு. ஒங்க தங்கச்சி இருந்திருந்தாலும் இதத்தான் சொல்லியிருப்பா. கேளுங்க அண்ணன்கிட்ட."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஷெர்லின் என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

கிங்ஸ்டன் இரண்டு மணிக்கு லேப்டாப்பைத் திறந்து விற்க ஆரம்பித்தான். மொத்தம் பதினெட்டாயிரம் பங்கு. ஒரே கொத்தாகப் போட்டால் விலை சரியும் என்று ஆயிரம் ஆயிரமாகப் போட்டான். முதல் ஆயிரம் போயிற்று. இரண்டாவது. மூன்றாவது. ஜெனிலா நாற்காலிக்குப் பின்னால் நின்று அவன் தோளுக்கு மேலே பார்த்தாள். நான்காவது ஆயிரமும் போனது. அப்போது போன் அடித்தது. இசக்கிராஜா. ஸ்பீக்கரில் போட்டான். பின்னால் பரோட்டாக் கல்லின் சத்தம் கேட்டது.

"தம்பி, பாத்தியா? எவனோ ஒரு கூமுட்ட கொத்துக் கொத்தா கொட்டுதான். பம்பாய்க்காரன் பதுக்கி வெச்சிருந்த கடைசிச் சரக்கு போல. நான் முந்நூறு அள்ளிட்டேன்."

கிங்ஸ்டன் திரையைப் பார்த்தான்.

"ஏலே, இருக்கியா?"

"இருக்கேன் அண்ணாச்சி. காசு ஏது?"

"அடுப்பு மாத்த வெச்சிருந்தேன். அடுப்பு எங்கன ஓடிப்போவுது? பழசுலயே வேகட்டும். அந்தக் கோட்டுக்காரன் மூஞ்சியப் பாக்கணும்ல இன்னைக்கு." சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார்.

இரண்டு நிமிடத்தில் மாமாவின் போன். கிருபாநிதி சார், டிராயிங் வாத்தியார். அவர் ஐந்நூறு. "ஒங்க மவன் வாக்கு பலிச்சுட்டுவே" என்றார். மாமா "ம்" என்றார்.

குழுவில் செய்தி மேல் செய்தியாக ஓடியது. நூறு எடுத்தேன். இருநூறு எடுத்தேன். பம்பாய்க்காரன் ஓடுதான், விடாதிய.

"எல்லாம் நம்மாளுவதான் வாங்குதாவ" என்றான் கிங்ஸ்டன். "நம்மள விட்டா இத வாங்க ஒலகத்துல நாதி இல்ல. இத்தன நாளும் நாமதான் வித்து நாமதான் வாங்கிருக்கோம்."

"இன்னும் பதினாலாயிரம் கெடக்கு" என்றாள் ஜெனிலா. ஆனால் அவள் குரலும் இறங்கியிருந்தது.

அவன் போனை மேசையில் கவிழ்த்து வைத்தான். மறுபடி எடுத்தான். என் தாளைப் படம் எடுத்து, பெட்டிகளின் எண்ணெல்லாம் தெரியும்படி குழுவில் போட்டான். இன்றைக்கு நாலாயிரம் விற்றது நான்தான், விதியை மீறிவிட்டேன், எல்லாரும் முடிந்தவரை வெளியே வாருங்கள் என்று எழுதினான். மூன்று மணி ஐந்து நிமிடம்.

முதல் பதில் ஒரு உப்பள மேஸ்திரியிடமிருந்து. அட்மின் போன எவனோ களவாண்டுட்டான்.

அடுத்தது, எவ்வளவு வாங்குன கிங்ஸ்டன்? பம்பாய் ரேட் என்ன?

சீட்டெல்லாம் கள்ளச் சீட்டு. எங்க கம்ப்யூட்டர்லயும் அடிக்கத் தெரியும்.

மூன்றரைக்குள் விலை நூற்று முப்பத்தாறாகிவிட்டது. அவன் எழுதிய பிறகுதான் அதிகமாக வாங்கினார்கள். இசக்கிராஜா அண்ணாச்சி மறுபடி ஐந்நூறு. "ஒம்போன எவனோ திருடிட்டான் தம்பி, சூதானமா இரு" என்று அவன் போனுக்கே அழைத்துச் சொன்னார். நான்தான் பேசுகிறேன் என்று கிங்ஸ்டன் சொன்னதற்கு, "ஒன்ன மெரட்டுதானுவளா?" என்று கேட்டார்.

நான்கு நாள் விலை ஏறியது. நூற்று நாற்பத்தொன்பது. அந்த நான்கு நாளும் ஜெனிலா யாரோடும் பேசவில்லை. ஐந்தாம் நாள் தண்ணீர் வந்தது. எட்டாவது குடத்தை இறக்கிவிட்டு, "விக்கவும் இல்ல, வெச்சிருக்கவும் இல்ல" என்றாள். மிச்சத்தை விற்கச் சொல்லி அவள் கேட்கவில்லை. தன்னிடம் வாங்கியவர்கள் வெளியே வராமல் மிச்சத்தைத் தொட மாட்டேன் என்று அவன் சொல்லியிருந்தான். அவன் சொல்லை அவளைத் தவிர அப்போது யாரும் நம்பவில்லை.

மறு வாரம் கம்பெனியின் ஆடிட்டர் விலகினார். காரணம் இரண்டு வரி. ஏற்றுமதிக்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

அந்தப் பங்குக்கு ஒரு நாளில் ஐந்து சதவீதத்துக்கு மேல் விலை விழக் கூடாது என்று பூட்டு உண்டு. காலை ஒன்பதேகாலுக்குச் சந்தை திறக்கும். ஐந்து விழும். பூட்டிக்கொள்ளும். விற்க எத்தனை பேர் வேண்டுமானாலும் வரிசையில் நிற்கலாம். வாங்க ஆள் கிடையாது. மூன்றரைக்கு வரிசை கலையும். மறுநாள் காலை இன்னும் ஐந்து. தினமும் காலையில் ஊரில் அறுநூறு பேர் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். யாருடையதும் போகவில்லை. குழுவில் யாரும் திட்டவில்லை. இன்னைக்கும் போகல என்று மட்டும் வரும்.

பத்தாவது நாள் சாயங்காலம் கிங்ஸ்டன் என்னை இசக்கிராஜா கடைக்குக் கூட்டிப்போனான். ஐப்பசி மழை தூறிக்கொண்டிருந்தது. பலகையில் கிளார்க் பரோட்டா என்ற வரியைக் காணோம், அதை அழித்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. அண்ணாச்சி எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்று பரோட்டாவைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். பழைய அடுப்பு ஒரு பக்கம்தான் எரிந்தது. அதனால் சட்டியைத் திருப்பித் திருப்பி வைத்தார்.

"அண்ணாச்சி, அன்னைக்கு வித்தது நாந்தான்."

"தெரியும். நீதான் எழுதுனல்லா."

"நீங்க வாங்குன எண்ணூறுக்கும் காசு கொண்டுவந்திருக்கேன்."

"எதுக்கு?"

"எங்கிட்ட வாங்குனதுதான."

"முந்நூறு ஒங்கிட்ட வாங்குனேன். ஐந்நூறு நீ வேண்டாம்னு சொன்னப்பெறவு வாங்குனேன். அதுக்கு யாருட்ட காசு கேக்க?" ஒரு பரோட்டாவை எடுத்து எண்ணெயை வடித்தார். "உக்காரு. சாப்பிடு. மருமவனே, நீரும் உக்காரும்."

"வாங்கிக்கோங்க அண்ணாச்சி."

"ஏலே, நான் முப்பது வருசமா ஏவாரம் பண்ணுதேன். கறிக்கடையில வாங்குன கறி நாறிப்போச்சுன்னா கடைக்காரன்ட்டச் சண்ட போடுவேன். அவன் வீட்டு நடுக்கூடத்துல போய் காசு வாங்க மாட்டேன். சந்தையில வாங்குனது சந்தையிலதான் போகணும். எவனாவது வாங்குனா விக்கேன். நீ இனாமாத் தந்தா நாளைக்கு ஒன்ன எப்படிலே நான் வைவேன்?"

கிங்ஸ்டன் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன்.

வீட்டுக்கு வரும் வழியில் பைக்கை நிறுத்தினான். சந்தையில்தான் விற்பார் என்றால் சந்தையிலேயே வாங்கிவிடலாம் என்றான். அந்தச் செவ்வாய்க்கிழமை நம் ஆட்கள் வாங்கியது, முன்னும் பின்னுமாக ஐயாயிரத்து ஐந்நூறு. விலை இப்போது தொண்ணூற்று நாலுக்கு வந்துவிட்டது. நாலாயிரம் விற்ற காசு ஐந்து லட்சத்துச் சொச்சம் அப்படியே கிடக்கிறது. சரியாக ஒன்பதேகாலுக்கு அவர்கள் விற்கப் போடட்டும், அதே நொடியில் நான் வாங்கப் போடுகிறேன் என்றான்.

திரேஸ்புரம் மீன் ஏலத்தில் அப்படி நடக்கும். ஏலக்காரனுக்குக் கண்ணைக் காட்டினால் போதும், குவியல் நம்ம ஆளுக்கு வந்துவிடும். சின்ன வயதிலிருந்து அதைப் பார்த்தவன் அவன். நானும் பார்த்தவன்தான். சரியென்றேன்.

ஜெனிலாவிடம் சொன்னான். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"அது வீட்டு வாசலுக்கு நிலை வெக்கிற காசு."

"அது அண்ணாச்சி அடுப்புளா."

கழுநீரைக் கொட்டிவிட்டு நெடுநேரம் பானைக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். "மொதல்ல வில்லுங்கன்னு சொன்னது நாந்தான்" என்றாள். பிறகு, "அவியளுக்குத்தான் போய்ச் சேரும்னு நிச்சயமாத் தெரியுமா?"

"நேரத்தப் பேசி வெச்சிருக்கேன். நொடி தப்பாது."

மறுநாள் நான் விடுப்பு எடுத்தேன். தண்ணீர் வருகிற நாள் அது. ஜெனிலா குடங்களோடு கீழே நின்றாள். மேசையில் கிங்ஸ்டன், மாமா, நான். எதிரே கடிகாரம். வாங்குவது யார் என்று கிங்ஸ்டன் யாரிடமும் சொல்லவில்லை. எவனோ ஒரு ஆள் நாளைக்கு வாங்கப் போறானாம், கரெக்டா ஒன்பதேகாலுக்குப் போடுங்க என்று மட்டும் சொல்லியிருந்தான். இசக்கிராஜா கடையில் மாவு பிசைவதை நிறுத்திவிட்டு நின்றார். கிருபாநிதி சார் நாசரேத்தில், பேரனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

ஒன்பதேகால். கிங்ஸ்டன் தட்டினான்.

கண் இமைக்கும் நேரம்கூட ஆகவில்லை. ஐயாயிரத்து ஐந்நூறும் வந்துவிட்டது. விலை எண்பத்தொன்பது. மாமா "ஆண்டவரே, ஸ்தோத்திரம்" என்றார்.

போன் அடித்தது.

"தம்பி, போகல" என்றார் இசக்கிராஜா. "அப்படியே நிக்கி."

"அண்ணாச்சி, நல்லாப் பாருங்க."

"பாத்துட்டேன். எவனோ அஞ்சாயிரத்துச் சொச்சம் வாங்கிருக்கான். எனக்கு வரல."

கிருபாநிதி சாருடையதும் போகவில்லை. எழுத்தர்கள் யாருடையதும் போகவில்லை. நான் லேப்டாப் திரையை என் பக்கம் திருப்பிப் பார்த்தேன். இந்தத் தடவை எண்ணைப் படித்தேன். எண்பத்தொன்பது ரூபாய் வரிசையில் பதினொரு லட்சம் பங்கு விற்க நின்றது. ஒன்பது மணிக்கே, சந்தை திறக்கும் முன்பே, எங்கிருந்தோ இயந்திரங்கள் கொண்டுவந்து நிறுத்தியவை. சந்தை திறந்தபோது முதலில் நின்றவனுக்குப் போயிற்று. நம் ஆட்கள் எல்லாருக்கும் பின்னால் நின்றார்கள்.

"அப்பம் நான் யார்ட்ட வாங்கினேன்?" என்று கிங்ஸ்டன் கேட்டான்.

"தெரியாது மச்சான். அங்க ஆள் பேர் கிடையாது. வரிசை மட்டும்தான்."

"கோட்டுக்காரனாவும் இருக்கலாம்."

"இருக்கலாம்."

ஸ்பீக்கரில் போட்ட போன் இன்னும் அவன் கையில் இருந்தது. அடுத்த முனையில் இசக்கிராஜா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏலே" என்றார். "வாங்குனது நீயா?"

கிங்ஸ்டன் போனை மேசையில் வைத்தான்.

"மடப்பயலே" என்றார். குரலில் கோபம் இல்லை. "எவ்வளவு கெடக்கு இப்பம் ஒங்கிட்ட?"

"பத்தொன்பதாயிரத்து ஐந்நூறு."

"ஆரம்பத்துல இருந்ததவிட கூடுதலா இருக்கேலே. சரி, நீயும் விக்கப் போடு. சும்மா வெச்சிட்டு இருக்காத. வரிசையில வந்து நில்லு."

கிங்ஸ்டன் போட்டான். ஒன்பது மணி இருபத்து நாலு நிமிடம்.

"போட்டுட்டேன் அண்ணாச்சி."

"எங்கன நிக்க?"

"ஒங்களுக்குப் பின்னால."

"நில்லு" என்றார் அவர். "எனக்கு மாவு காயுது." வைத்துவிட்டார்.

ஜெனிலா எட்டாவது குடத்தோடு வாசலில் நின்றாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. கடைசிப் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும். குடத்தை இறக்கினாள். கையைச் சேலையில் துடைத்தாள். இடுப்புலயே நிக்கி என்று அவள் சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.

அலமாரிக்கு மேலேயிருந்து பழைய பெயிண்ட் டப்பாவையும் பிரஷ்ஷையும் எடுத்துக் கீழே வைத்தாள்.

"பஸ் ஸ்டாப் கடையில அரை மூட்ட சிமெண்டு சில்லறையாத் தருவான்" என்றாள். "மழை விட்ட நேரத்துல கம்பிக்குப் பால் அடிச்சிருவோம். நாலஞ்சு வருசம் நிக்கணும்லா. ரெண்டு பேரும் வாரியளா, நான் மட்டும் போகட்டுமா?"

கிங்ஸ்டன் எழுந்து சட்டையை மாட்டினான். போனை மேசையிலேயே விட்டுவிட்டான். நான் டப்பாவைத் தூக்கிக்கொண்டேன்.